மூக்கையா மீது ஊற்றிய நாற்பது செம்புத் தண்ணீர்

27-1-1981 செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் விசாரிக்க, தலைமைக் காவலர் எழுத, நான் சொன்னது:

என் பெயர் ஜெபதுரை, தகப்பனார் பெயர் அலெக்சாண்டர். வயது எழுபத்தொன்று, ஞானஸ்நானப் பதிவேட்டின்படி எழுபது. வில்பட்டியில் என் மனைவி அடைக்கலமேரியுடன் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தற்சமயம் எங்கள் ஊர்ப் பூண்டு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். சங்கத் தலைவர் திருமலைச்சாமி.

எங்கள் ஊரில் விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவது வழக்கம். 21-1-1981 புதன்கிழமை காலை தலைவர் வீட்டில் ஏழு கொத்துகள் காணாமல் போயின. அன்றைய முதல் பஸ்ஸில் கூலிவேலை செய்யும் மூக்கையா, வயது சுமார் முப்பத்தைந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறியதும் பஸ் முழுவதும் புகைப்பூண்டு வாசனை வந்தபடியால் கண்டக்டர் கம்பளியை விலக்கிப் பார்க்க, இரண்டு கொத்துகள் இருந்தன. அவனைக் கீழே இறக்கி, மீதி ஐந்து எங்கே என்று தலைவர் கேட்டதற்கு, அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். தலைவர் அவனை இரண்டு முறை அறைந்ததை நான் பார்த்தேன். மூன்றாவதை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது.

அதன் பிறகு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, உறைபனி இறங்கியிருக்கும் நேரத்தில், மூக்கையாவை யூகலிப்டஸ் மரத்தில் கட்டி, பெரிய செம்பால் நாற்பது செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். மூக்கையாவுக்கு இழுப்பு நோய் உண்டு. போன மாதம் என் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்த வந்தவன், பத்து கொத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கியதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே குற்றவாளிகளைத் திருத்துவது பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் பக்கத்தைப் பாதி படித்ததும் தலைவர், "வாத்தியாரய்யா, அவனத் திருத்துறதுக்கு நாம என்ன பள்ளிக்கூடமா நடத்துறோம்? வெரசா முடிங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு தலைவர், "ஒத்துக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். எனக்கு இரண்டாம் பக்கத்தில் ஒரு முக்கியமான கருத்து இருந்தது. பேச அனுமதி கேட்கும்போது கை உயர்த்துவது நாற்பது வருஷப் பள்ளிக்கூடப் பழக்கம். உயர்த்தினேன். என் கையையும் சேர்த்து எண்ணினார்கள். ஐந்துக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது. உயர்ந்த கைகளைத்தான் எழுத வேண்டும், உள்ளே இருந்த நோக்கத்தை எழுத இடமில்லை என்று கருதி, நானே தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன்.

தண்ணீர்க் குழாய் என் வீட்டருகே இருப்பதால் பீப்பாயை நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. மறுநாள் வெள்ளனே எழுந்து அண்டாவில் வெந்நீர் போட்டேன். என் மனைவி, "என்னங்க இது, அவனுக்கு ஞானஸ்நானமா குடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் இன்னும் நாலு விறகு எடுத்து வந்து அடுப்பில் வைத்தாள். அதன் பிறகு பீப்பாயில் ஊற்றி, முழங்கையை விட்டுப் பார்த்து, உஷ்ணமானியையும் வைத்துப் பார்த்ததில் நாற்பத்தொரு டிகிரி இருந்தது. உஷ்ணமானி பழையது, ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். ஆவி தெரியாதபடி பலகையும் சாக்கும் போட்டு மூடினேன்.

ஆறு மணிக்குத் தலைவர் மூடியை எடுத்ததும் ஆவி எழும்பியது. "என்னய்யா இது?" என்றார். "பனி" என்றேன். இது பொய். இந்த வாக்குமூலத்தில் நான் சொல்லியதாக வரும் பொய் இது ஒன்றே.

முதல் செம்பு ஊற்றப்பட்டது. மூக்கையா கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தத் தயாராக இருந்தான். கத்தவில்லை. ஒரு கண்ணைத் திறந்தான். ஆறாவது செம்பில், "தலைவரே, முதுகுப் பக்கம் கொஞ்சம்" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் சந்தேகப்பட்டு பீப்பாய்க்குள் கையை விட்டார். விட்ட கையை வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு, தீர்மானம் நாற்பது என்பதால் தொடர்ந்து ஊற்றினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது செம்பின்போது ரோட்டில் ஒரு சுற்றுலாக் கார் நின்றது. உள்ளே இருந்த அம்மாள், "ஐயோ, கொதிக்கிற தண்ணிய ஊத்துறானுங்க!" என்று அலறினார். கார் போய்விட்டது. அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளாதது என் தவறு; இந்தப் புகார் அந்த அம்மாள் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன். இருபத்து மூன்றாவது செம்பில் மூக்கையாவின் நெஞ்சிலிருந்து வந்த இழுப்புச் சத்தம் நின்றது. அவன் தானாகவே, "மிச்சம் அஞ்சு கொத்தும் ஒங்க மாட்டுக் கொட்டகைப் பரண்லதான் கெடக்கு தலைவரே. அங்க வச்சாத்தான் வாசனைய யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றான். போய்ப் பார்க்க, இருந்தன. நாற்பது முடிந்ததும் என் மனைவி துண்டு கொடுத்தாள். அவன் உடம்பில் கொப்புளம் எதுவும் இல்லை. கன்னத்தில் மட்டும் முந்தின நாள் விரல் தடம் இருந்தது.

இன்று காலை தலைவர் என் வீட்டுக்கு வந்து, "வாத்தியாரய்யா, நான் சொல்லித்தான் வெதுவெதுன்னு தண்ணி வச்சதாச் சொல்லிருங்க. அந்தத் தீர்மானப் பக்கத்தக் கிழிச்சுட்டா எல்லாருக்கும் நல்லது" என்றார். புத்தகத்தில் பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது. அதோடு, பச்சைத்தண்ணீர் ஊற்றியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. ஆகவே புத்தகத்தையே இத்துடன் ஒப்படைக்கிறேன். தண்ணீர் சூடாக இருந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. அது பச்சையாக இருக்க வேண்டும் என்று முடிவானதற்கு ஐந்து பேர் பொறுப்பு; அதில் நானும் ஒருவன்.

மூக்கையா இப்போது எங்கே என்று கேட்டீர்கள். சனிக்கிழமை காலை ஒரு கட்டு விறகோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அய்யா, அதுக்கப்புறம் நான் ஒண்ணும் எடுக்கல. அதுக்காக என்னக் குளிப்பாட்டாம விட்டுறாதீங்க" என்றான். வெந்நீர் போட்டுக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். சம்மனை அவனிடம் அன்று சேர்ப்பிக்கலாம். குளித்த பிறகு கொடுத்தால் நல்லது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் பிழை திருத்தினேன். யாரும் மிரட்டவில்லை, நானாகத்தான் பயந்திருந்தேன். சொன்னவை யாவும் உண்மை. கை உயர்த்தியது பேசுவதற்காகத்தான் என்பதற்கு மட்டும் என்னிடம் சாட்சி இல்லை.

(ஒப்பம்) அ. ஜெபதுரை