மூன்று காவல்

தலைமன்னார் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் துவாயால் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி. மன்னாரில் திருத்தி எடுத்துக்கொண்டு வருகிறாள்.

"காவலுக்கு, வைரஸைப் பிடிக்கிற வைரஸ் கார்ட் புரோகிராம் மூண்டு போட்டனான், மச்சாள். மூண்டும் ஒண்டையொண்டு கள்ளன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டதாம்."

"ஏன் மூண்டு?"

"மகள் இந்தியாவில எல்லோ. நாங்கள் அங்கத்தைய அகதிக் காம்பில இருந்து திரும்பி வர, அவள் கலியாணம் கட்டி அங்கயே நிண்டிட்டாள். ஞாயிறு பூசை முடிய இதிலதான் முகம் பாத்துக் கதைப்பாள். நான் உடுப்பு மாத்தாமல் கதிரையில வந்து இருப்பன். ஒரு ஞாயிறு அவள் வரேல்லை. வைரஸ்தான் மறிக்குதெண்டு ஒண்டு போட்டன். பிறகும் வரேல்லை. இன்னொண்டு போட்டன்."

"நீங்கள் கோல் எடுத்துப் பாக்கேல்லையோ?"

"அடிக்குது, அவள் எடுக்கிறாளில்லை. அதுக்குத்தான் மூண்டாவது."

"இப்ப?"

"கடைக்காரர் ஒண்டை விட்டிட்டு மற்றதுகளைக் கழட்டிப்போட்டார். இனி ஒரு தடையும் இல்லையாம்."

"அப்ப சந்தோசம்தானே."

அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம். ஆனா இந்த ஞாயிறும் அவள் வராட்டி, நான் எதைக் குற்றம் சொல்லுறது?"