நான் இல்லாத குழு

என் முறை வரும்வரை கொட்டாவியை அடக்கிக் காத்திருந்த அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசை மூத்தோரே, மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக அமர்ந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்!

என் மூத்த பேரன் பல் டாக்டர். அடுத்தவன் விமானம் பழுதுபார்க்கிறவன். அவன் தங்கை நீச்சலில் தங்கம் வாங்கியவள். கடைசிப் பேத்தி, இதோ, செல்போனை ஆராய்ந்து இன்று நூல் வெளியிடுகிறவள். கைதட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும்? செல்போனில் எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. வெற்றி வந்தது, விருது வந்தது, வேலை உயர்வு வந்தது. ஒரு நாளாவது ஒரு காய்ச்சல் வந்ததா? ஒரு கண்ணீர் வந்ததா?

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பேத்தி நூலை வாசித்துக் காட்டினாள். சொல்பவர், செய்தி, அது போகும் வழி, கேட்பவர். பத்திரிகைக் காலத்துப் பழைய பாடமாம். வழியில் ஒரு வாயிற்காவலர் நிற்பார். எதை உள்ளே விடுவது என்பது அவர் கையில். அன்றைக்கு அவர் பத்திரிகை ஆசிரியர். இன்றைக்கு யார் என்று கேட்டேன். "குழுவை நடத்துறவங்கதான் பாட்டி" என்றவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று காலைதான், தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டும் என் இளைய பேரன், 'இன்று எடுத்தது' என்று ஒரு படம் போட்டிருந்தான். சிரித்த முகம், சலவைச் சட்டை, வலது கை எங்கள் நாய் கருப்பனின் தலைமேல். கருப்பன் செத்து ஒரு வருஷமாகிறது. குழி தோண்டும்போது கூட நின்றவள் நான்!

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

குழுவை நடத்தும் மருமகளைக் கேட்டேன். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "இன்னொரு குழு இருக்கு அத்தை. நீங்க மட்டும்தான் அதுல இல்ல."

அந்தக் குழுவில் இருந்தது, ஐயா, இயந்திரம் அவன் வலது கையை முழங்கைவரை கொண்டுபோன செய்தி. பாட்டி தாங்கமாட்டாள், சொல்லாதீர்கள் என்று படுக்கையில் கிடந்தே சொன்னவனும் அவன்தானாம்.

தாங்கமாட்டேனா? தகப்பனில்லாத அந்தப் பிள்ளையைத் தோளில் தாங்கியவள் தாங்கமாட்டேனா? அவன் வலியில் புரண்ட காலையில் நான் என்ன அனுப்பினேன் தெரியுமா, தாய்மாரே? ஒரு பூங்கொத்துப் படம். 'இனிய காலை வணக்கம்.'

கேட்டவரின் மறுமொழி திரும்பி வந்தால்தான் சொன்னது முழுமை என்கிறது பேத்தியின் நூல். எனக்குச் சொல்லவே இல்லை. மறுமொழிக்கு எங்கே போவேன்? இந்த மேடைக்குத்தான் வந்தேன்.

அவன் இங்கே வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறான். கேமரா பிடிக்கிற தம்பி, நேரலை போகிறதா? போகிறதாம். மருமகளும் தலையாட்டுகிறாள், அவன் பார்க்கிறான் என்று.

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். ராசா, உனக்கு ஒன்றே ஒன்று. செத்த நாயும் வேண்டாம், பழைய சிரிப்பும் வேண்டாம். மடித்துக் குத்திய சட்டைக்கையோடு, இன்றைக்கு இருக்கிற முகத்தோடு, நான் இருக்கிற குழுவில் ஒரு புதுப் படம் போடு.