முப்பத்தோராவது கட்டம்

செவிலிமேட்டில் உங்கள் வீட்டு வாசல் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்கிறது, அங்கிள். டவுன் பஸ்ஸில் போகும்போது மூன்று நாளாகப் பார்க்கிறேன். அலமு ஆன்ட்டி அங்கே உங்களோடு இருந்தவரை விடிந்ததும் அணைத்துவிடுவார். இதைச் சொல்வதற்காகக் கடிதம் எழுதவில்லை. எதையாவது சொல்லித்தானே தொடங்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அம்மா கொடுத்த காபியை ஆறவிட்டுவிட்டு என்னிடம் கேட்டீர்கள். "ஜானு, நீ பிரியா கூடவே இருந்தவ. அன்னிக்கு அவ பையில பம்பு இருந்துதா இல்லியா? அத மட்டும் சொல்லுமா. அலமுவ நான் இட்டாரதா வேணாமான்றது அதுலதான் இருக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கொழந்தை இன்னும் அதுலேர்ந்து மீளலை," என்று அம்மா சொன்னாள். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். மீள்வதற்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மகள் இறந்த இந்த ஐந்து மாதத்தில் எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, பிளஸ் டூ மாதத் தேர்வில் வரலாற்றில் நான்தான் முதல். அன்று பேசாமல் இருந்ததற்குக் காரணம், எந்தப் பதிலைச் சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை. இப்போது செய்துவிட்டேன்.

பம்பு பையில் இருந்தது. ஆன்ட்டி மறக்கவில்லை. பிப்ரவரி பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்குப் பிரியாவுடைய பையின் முன்ஜிப்பில், கைக்குட்டைக்கு மேல் இருந்தது. டாக்டர்கள் இன்ஹேலர் என்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் பம்பு என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அலுப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த ராம்ப்ரஸாத், என் பெரியப்பா பிள்ளை, ஒரு சி.டி. கொடுத்துவிட்டுப் போனான். மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். அதில் புதிதாகச் சேர்ந்த மாணவி நாம். வகுப்பில் ஒரு பெண்ணைக் காணவில்லை. எல்லோரிடமும் பேசிப் பேசி அவள் எங்கே போனாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். யாராவது நம்மிடம் ஏதாவது கேட்டால் திரையின் அடியில் மூன்று பதில்கள் வரும். மேலே ஒரு சிவப்புக் கோடு குறைந்துகொண்டே போகும். கோடு தீர்வதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டாலும் கதை நிற்காது. நாம் பேசாமல் இருந்தோம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும்.

அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குப் புரியவைக்க முடியுமா, தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே யாராவது என்னிடம் பேசினால் என்ன திருப்பிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வகுப்பில் யாராவது என்னைக் கேட்டால் பக்கத்திலிருந்து பிரியாதான் எனக்காகப் பதில் சொல்வாள். ஜாஹ்னவி என்ற என் பெயரை ஜானு என்று சுருக்கி எல்லோர் வாயிலும் போட்டவளும் அவள்தான். விளையாட்டில் அந்தத் தொல்லையே இல்லை. மூன்றே மூன்று பதில். முன்னாலேயே சேவ் செய்துவைத்தால் மூன்றையும் சொல்லிப் பார்த்து, எதற்கு எதிராளி சிரிக்கிறாள், எதற்கு அழுகிறாள் என்று தெரிந்துகொண்டு, நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் பிரியா எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளுக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. தன்மேல் உள்ள பிரியத்தால்தான் அம்மா அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. மவுஸ் அவள் கைக்குப் போனால் போச்சு. கோடு பாதி குறைவதற்குள் மனசில் பட்டதை அமுக்கிவிடுவாள். திரும்பப் போய் மாற்றலாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "சொன்னது சொன்னதுதான்டி. மாத்திக்கினே இருந்தா அப்புறம் அது என்னா பேச்சு?" என்பாள். ஒருமுறை அவள் சொன்ன பதிலால் ஒரு பெண் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டாள். பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே விளையாடினாள். அவள் கிளம்பிய பிறகு நான் பழைய இடத்துக்குப் போய்ச் சரிசெய்தேன்.

பதில்களைத் தவிர, சேகரிக்க வேண்டிய பொருள்களும் உண்டு. மற்ற மாணவிகளின் மேஜை, பெட்டி, கோட் பாக்கெட் இவற்றிலிருந்து சின்னச் சின்னதாக எடுக்க வேண்டும். ஒற்றைத் தோடு, ஒரு சாவி, பாதி எழுதிய கடிதம். எடுத்ததும் விளையாட்டில் இருக்கும் ஓர் ஆல்பத்தில் ஒரு கட்டத்தில் அதன் படம் விழும். கீழே அந்த ஆளைப் பற்றி இரண்டு வரி வரும். அது தெரிந்தால் அடுத்த முறை அவளிடம் சரியாகப் பேசலாம். எடுத்ததை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வகுப்பில் என்னைத் தவிர முப்பத்தொரு பேர். கார்த்திகை மாதத்தில் தொடங்கினேன். ஆளுக்கு ஒன்று. கண்ணாடி துடைக்கிற துணி, பஸ் பாஸ் உறை, ஒரு முருகன் டாலர். எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒரு நோட்டில் கட்டம் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் அவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். தொலைத்தவர்கள் இரண்டு நாள் தேடிவிட்டு விட்டுவிடுவார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடுவேன். அந்த நேரங்களில்தான் அவர்கள் என்னிடம் நன்றாகப் பேசினார்கள்.

பொங்கலுக்குள் முப்பத்தொன்றும் நிறைந்துவிட்டது. பிரியாவுடையது ஒரு ஹேர்க்ளிப். பொங்கல் லீவில் எதையோ தேடும்போது அவள் அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று மூன்று பதில் தயார் செய்தேன். அவள் க்ளிப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"கேட்டா குடுத்திருப்பனேடி. வெச்சிக்கோ, உனக்குத்தான். மத்தவங்களுத ஒண்ணொண்ணா திருப்பிக் குடுத்துடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. எனக்குப் பிடித்தவள் என்று இந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கொடுத்த பொருள் ஆல்பத்தில் சேராது. அவள் கொடுத்துவிட்டதால் முப்பத்தோராவது கட்டம் காலியாகிவிட்டது. அவள் கொடுக்கவே மாட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைத்தான் இனி எடுக்க வேண்டும். பேனா, வாட்ச், ரிப்பன் என்று எதைக் கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிடுகிற பெண் அவள். கொடுக்க முடியாதது அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை வத்ஸலா மிஸ் எங்களைத் திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோவிலில் விதானத்து ஓவியங்களைப் பார்க்க அழைத்துப் போனார். பள்ளி வாசலில் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிரியா தண்ணீர் பிடிக்கப் போனாள். எடுத்தேன். மாலையில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நினைக்கவில்லை. பொருள் கைக்கு வந்தது, என் பைக்குள் போட்டேன், அவ்வளவுதான்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தோம். அறுப்பு முடிந்த சமயம். வண்டிகள் ஏறிப் போகட்டும் என்று ரோட்டிலேயே நெற்கதிரைப் பரப்பி விட்டிருந்தார்கள். ஒரு லாரி போனதும் வைக்கோல் தூசி எழுந்து, முன்னால் போகிறவர் முதுகே தெரியவில்லை. எல்லோரும் தும்மினோம். பிரியா இருமினாள். பிறகு நின்றுவிட்டாள்.

முன்ஜிப்பைத் திறந்தாள். பிறகு பையைக் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ் உருண்டு ரோட்டோரம் போயிற்று. "அம்மா வெச்சாங்களே," என்றாள். மிஸ் தன் செல்போனில் பள்ளிக்குப் பேசினார். வேன் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். பிரியாவைப் புளிய மரத்தடியில் உட்காரவைத்தோம். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கதிரைத் திருப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிவந்து பார்த்துவிட்டு, "வலிப்பு வந்துக்கினு இருக்குதுமா, கையில இரும்பக் குடுங்க," என்றார். யாரோ ஒரு சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார்கள். அந்தக் கையைப் பிரியா என் பக்கம் நீட்டினாள்.

"என்ன கேக்கறா?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

"தண்ணி கேக்கறா மிஸ்," என்றேன்.

தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை. வேன் வந்தபோது அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லை. பம்பு இருந்திருந்தால் அதுவரை தாங்கியிருப்பாள் என்று டாக்டர் உங்களிடம் சொன்னபோது நான் உங்கள் பின்னால்தான் நின்றிருந்தேன். அடுத்த வாரம் அந்த விளையாட்டை முடித்தேன். காணாமல் போன பெண் கிடைத்துவிட்டாள்.

பிரியா இறந்த அன்று மாலை அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் ஆன்ட்டியைப் பார்த்து, "பம்ப வெச்சியா வெக்கலியா?" என்று கத்தினீர்கள். "வெச்சேங்க," என்றார். மறுநாள் நான் போனபோது, "வெச்ச மாதிரிதாம்மா இருக்குது," என்றார். பள்ளியில் முதல் நாளே விசாரித்தபோது பம்பை நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அது அவர் காதுக்குப் போயிருந்தது. வாரம் தவறாமல் உங்கள் வீட்டுக்கு வந்தேன். என்ன சொன்னால் அவர் அழுகையை நிறுத்துகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பேசினேன். நீங்கள் வைத்திருப்பீர்கள் ஆன்ட்டி என்றால் அழுகை அதிகமாயிற்று. "மறதி யாருக்குத்தான் வராது ஆன்ட்டி, வேணும்னா செஞ்சீங்க?" என்றபோது நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அதனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மாதம் முடிவதற்குள் வருகிறவர்களிடமெல்லாம் அவராகவே சொல்லத் தொடங்கினார். "நான்தான் வெக்க மறந்துட்டேன்." அதன் பிறகுதான் நீங்கள் அவரை வாலாஜாபாத்தில் அவர் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள்.

அங்கேயும் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆன்ட்டிக்குத் தன் கை செய்ததில் நம்பிக்கை போய்விட்டது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போகிறார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "நான் சாப்ட்டனாம்மா?" என்று என்னைக் கேட்டார். சாப்பிட்டுவிட்டீர்கள் என்றேன். "நீ சொன்னா சரி," என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஓடிவருவதற்கு முன், மிஸ் மறுபடியும் போனில் சிக்னல் தேடி ரோட்டு நடுவிலும் மற்றவர்கள் அவரைச் சுற்றியும் நின்றிருந்தபோது, மரத்தடியில் பிரியாவும் நானும் மட்டும் இருந்தோம். என் டப்பாவைப் பார்த்திருந்த ஒரே ஆள் அவள். மூச்சு மூச்சாக நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"ஜானு... உங்கிட்டதான இருக்குது. குடுடி. யார்கிட்டயும்... சொல்ல மாட்டேன்."

என் பை மடியில்தான் இருந்தது. இருக்கிறது என்று சொல்லலாம். இல்லை என்று சொல்லலாம். விளையாட்டுக்கு எடுத்தேன் என்று சொல்லலாம். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் இருந்தேன். கொடுத்தால் பிழைப்பாள் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. முப்பது பேருக்கு எழுதிவிட்ட எனக்கு, அவளைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுத வரவில்லை. கடைசிவரை கூட இருந்து பார்த்தால் வரும் என்று நினைத்தேன்.

இனி ஆன்ட்டியை நீங்கள் அழைத்து வர வேண்டும். போனதும் அவரிடம் நீங்கள் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்துவைத்திருக்கிறேன். முதலாவது: பம்பு அன்று வழியிலேயே பையிலிருந்து விழுந்திருக்கிறது, கதிர் அடித்தவர்கள் எடுத்து வைத்திருந்து இப்போது பள்ளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாவது: ஜானு விளையாட்டாக எடுத்தாள், பயத்தில் சொல்லாமல் இருந்துவிட்டாள். மூன்றாவது: இந்தக் கடிதம் முழுவதும்.

யோசித்துப் பார்த்ததில் முதலாவதுதான் நல்லது. ஆன்ட்டி கொஞ்ச நேரம் அழுவார், பிறகு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு உங்களோடு கிளம்பிவிடுவார். அவருக்கு இப்போது என்னை விட்டால் பேச ஆள் இல்லை. அதையும் நாம் பார்க்க வேண்டும். பம்பை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அதன் அடியில் ஆயுத பூஜைக்கு ஆன்ட்டி வைத்த குங்குமத்தின் கறை இருக்கிறது. அது போகாமல் மற்ற இடங்களைத் துடைத்திருக்கிறேன். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அங்கிள்.

மூன்றில் என் பெயர் வராதது முதலாவது மட்டும்தான். அதை நான் இப்போதுதான் கவனித்தேன்.