இரண்டு பைத் தேநீர்

மலேசியாவில், ஈப்போ மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் என் எண்ணுக்கு முன்னால் இன்னும் இருபத்தேழு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், கைத்தடியுடன் உட்கார்ந்திருந்த தம் மனைவியிடம் சொன்னார்:

“என் எச்சில்தான், செல்வி, உன் காலை இப்படி ஆக்கிருச்சு.”

அவர் கையில் பிளாஸ்டிக் பைகளில் கட்டிய தேநீர் இரண்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரா.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? டாக்டர் என்ன சொன்னாங்க?”

“உன்னை மாதிரி மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கிற நரம்பு நோய் உள்ளவங்களுக்கு, எச்சில்ல பரவுற ஒரு வைரஸ் உள்ளேயே தங்கி நரம்பை மெல்ல மெல்லத் தேய்க்கலாம்னு.”

“அதை இன்னும் ஆராய்ச்சி பண்றாங்கன்னும் சொன்னாங்க. அந்த வைரஸ் கிட்டத்தட்ட எல்லார் உடம்புலயும் இருக்குன்னும் சொன்னாங்க லா. அதெல்லாம் உங்க காதுல விழலையா?”

“அதை உனக்கு நான்தான் கொடுத்திருந்தா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி, சுங்காய் எஸ்டேட்டுல ஒரே கோப்பையில ஒன்பது பேர் தேத்தண்ணி குடிச்சோம். அதுல யாரைப் போய்ப் பிடிப்பீங்க?”

அவர் ஒரு பையின் ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மூணு வாரமா தனித் தட்டு, தனி கிளாஸ். முத்தங்கூட நெத்தியிலதான். கால் மரத்துப் போனதைத் தாங்கிட்டேன். இதைத் தாங்க முடியலைங்க.”

அந்த அம்மாள் ஒரு பையை வாங்கிக் கொஞ்சம் குடித்துவிட்டு அவரிடம் நீட்டினார்.

“குடிங்க. நம்பர் வரப்போகுது.”

அவர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மூன்று வாய் உறிஞ்சினார். அந்த அம்மாள் பையைத் திரும்ப வாங்கி, அதே ஸ்ட்ராவில் மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

அவர்கள் எண் வந்தது. யாரும் குடிக்காத இரண்டாவது பை கைத்தடியின் வளைவில் தொங்கி, ஆடியபடியே கவுண்டருக்குப் போனது.