ஓடையில் விட்ட மீன்கள்

"ஓடையில நாம மீன் விட்டதுதான் தப்பு அம்மிணி." முதலமடையிலிருந்து கொல்லங்கோடு போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெரியவர் எதிர்ப்பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்.

"தண்ணி நல்லாருக்குதான்னு பாக்கத்தானுங்கண்ணா விட்டோம்?"

"விடாம இருந்திருந்தா நல்லாருக்குதுன்னே நெனச்சுட்டு இருந்திருக்கலாம்."

ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ஞாயிறுதோறும் ஓடையைத் தூர்வாரி, கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

"அத்தனை மீனும் செத்து மெதக்குதுங்க. மருந்து டிரம்மை அங்க கொண்டுபோய்க் கழுவுனது யாருங்க?"

"மா பூத்திருக்குது, எல்லாத் தோப்புலயும் மருந்தடிக்கறாங்க. முன்னெல்லாம் டிரம்மை ஊட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுனோம். இப்பத்தான் தோப்போரமே தண்ணி நிக்குதே."

"நம்ம குழு ஆளுகளுமா?"

"தோப்பு இல்லாத ஆளு நம்ம குழுவுல யாரு இருக்கறா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வழிநெடுக மா பூத்திருந்தது. மருந்து வாடை பஸ்ஸுக்குள்ளும் வந்தது.

"இந்த ஞாயித்துக்கெழமை ஆளுக வருவாங்களாங்கண்ணா?"

"வருவாங்க. செத்த மீனை அள்ளோணுமல்ல."

"அப்பறம்?"

"திங்கக்கெழமை ரெண்டாவது மருந்து அடிக்கோணும்."