வெற்றுமனை அல்ல, முரசுமனை

இருபத்துமூன்று கூட்டங்களை இழுத்துப் பிடித்து நடத்தி, எங்கள் வாயைக் கட்ட வேண்டிய நேரத்தில் கட்டி, அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவிழ்த்துவிட்ட அவைத்தலைவர் ஓர்மீந்தா சோசா அவர்களே, முன்வரிசையில் மாத்தே இலைத் தேநீர்க் குவளையோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, ஒரு தோளில் பிள்ளையும் மறுதோளில் கொடியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, முரசு சுமந்து நிற்கும் தோழர்களே, சுவரோரம் நின்று குறிப்பெடுக்கும் நகராட்சி நண்பர்களே, உங்கள் அனைவரையும் இஸ்திரிக் கடை நில்சா பெரேய்ரா தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

குறிப்பெடுக்கும் நண்பர்களே, நிதானமாகவே பேசுகிறேன். ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது.

நாம் கூடியிருக்கும் இந்த இசிதோரோ தெரு முக்கு மனைக்கு நகராட்சி வரைபடத்தில் என்ன பெயர்? "பயன்பாடற்ற நிலம்." சங்கிலியில் பிணைத்து இந்த உருகுவாய்க் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். வாரநாள் இரவுகளில் பழகி, ஞாயிறுதோறும் இங்கே நெருப்பு மூட்டி, தோலைக் காய்ச்சி, சுருதி ஏற்றி, சிறு முரசும் நடு முரசும் பெரு முரசுமாய்த் தெருவில் இறங்குகிறோமே, அது பயன் இல்லையா? நம் பாதம் பட்டுத் தேய்ந்த இந்தக் கல் பயன் இல்லையா?

அடுத்த பதினைந்து ஆண்டுத் திட்டத்தில் இங்கே கார்கள் நிற்குமாம். முரசுக்கு ஊர்க்கோடியில் ஒரு கூடமாம். குளிரூட்டிய கூடம், கண்ணாடிக் கதவு, உள்ளே நெருப்புக்குத் தடை. நெருப்பில்லாமல் தோல் இறுகுமா? தளர்ந்த தோல் தாளம் பேசுமா?

திட்டத்தை விளக்க வந்த அதிகாரியிடம் நான் எழுந்து கேட்டேன்.

"எங்க இடம் சும்மா கெடக்குன்னு யார் சார் சொன்னது?"

"நேர்ல வந்து பார்த்துதாம்மா எழுதினோம். மூணு தடவை வந்தோம், ஒரு ஆள் இல்ல."

"என்னைக்கு வந்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை. காலைல பத்து மணிக்கு."

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மாதா கோயிலும்தான் காலியா கெடக்கு. அதையும் கார் நிறுத்த எடுத்துக்குவீங்களா?"

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு திட்டத்தைத் திருத்துமா? வெளியே வந்ததும் ஓர்மீந்தா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நாம கத்தினா 'கூச்சல்'னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நாமளே ஒரு திட்டம் போடுவோம்டி. அதை அவங்க உக்காந்து படிக்கட்டும்."

போட்டோம். மூன்று கட்டில் விரிப்புகளை ஒன்றாய்த் தைத்து, அதில் நம் பேட்டையை வரைந்தோம். எந்த முற்றத்தில் தோல் பூட்டுகிறார்கள், எந்த மாடியில் ஆட்டம் பழகுகிறார்கள், எந்தச் சுவரில் ஓவியம் தீட்டலாம் என்று ஆறு வாரம் வீடு வீடாய்க் கேட்டு எழுதினோம். முரசால் யாருக்கு என்ன தொல்லை என்றும் கேட்டோம்.

எல்பியோ ரிவாஸ் அண்ணன் வீட்டுக்கு யாரும் போக மாட்டேன் என்றார்கள். இதோ எதிரே ரொட்டிக் கடை வைத்திருப்பவர். நம் முரசுமீது பதினோரு புகார் எழுதியவர். நான் போனேன். கதவைப் பாதி திறந்தார்.

"எதுக்கு வந்தே? பன்னெண்டாவது புகாருக்கு விஷயம் குடுக்கவா?"

"உங்க தொந்தரவு என்னன்னு கேட்டு எழுத வந்தேன் அண்ணே."

"வேலை நாள்ல ராத்திரி ஒன்பதரைக்கு மேல அடிக்காதீங்க. விடியுமுன்ன எந்திரிச்சு நான் அடுப்பு மூட்டணும். பதினோரு தடவையும் இதைத்தான் எழுதினேன். அவங்களும் கேட்கல, நீங்களும் கேட்கல."

எனக்கு முகம் சுட்டது. நியாயம் நம் பக்கம் என்று எண்ணி நடந்தவள், பக்கத்து வீட்டு நியாயத்தைப் பார்க்காமலே இத்தனை ஆண்டு நடந்திருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே விரிப்பில் எழுதினோம். நம்மவர்களில் சிலர் எதிர்த்தார்கள். ஆமாம் வால்தெமார், உன்னைத்தான் சொல்கிறேன், தலையைக் குனியாதே. கடைசியில் சரியென்று கை தூக்கியவனும் நீதானே.

பொது விசாரணை நாள் வந்தது. நம் விரிப்பைச் சுவரில் மாட்டினோம். அதிகாரி அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினார். "அந்தத் தெரு ஜனங்களே முரசு வேணாம்னு பதினோரு தடவை எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்.

பின்வரிசையிலிருந்து எழுந்தார் எல்பியோ.

"அத்தனையும் நான் எழுதினது. நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கன்னு எழுதினேன். ஆளைக் கிளப்புங்கன்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா? படிங்க சார், எல்லாரும் கேட்கட்டும்."

அதிகாரி தாளைப் புரட்டினார். படிக்கவில்லை.

"அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள பக்கத்து வீட்டுச் சண்டை. பேசி முடிச்சாச்சு. எங்க சண்டையைக் காட்டி எங்க தெருவை எடுத்துக்க நீங்க யாரு?"

தோழர்களே, நான் நூறு மேடை ஏறிப் பேசினாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகுமா? நகராட்சி உறுப்பினர்கள் வாக்களித்தபோது இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நம் திட்டம் வென்றது. இந்த மனை இன்று சட்டப்படி முரசுமனை.

கைதட்டாதீர்கள், பொறுங்கள். தீர்மானத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ஒவ்வொரு முறை நெருப்பு மூட்டவும் பத்து நாள் முன்னதாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். ஆற்றிலிருந்து ஈரக்காற்று என்று வரும் என்று பத்து நாள் முன்பே தோலுக்குத் தெரியுமா? முரசைக் கொடுத்துவிட்டு அதன் மூச்சைப் பூட்டி வைப்பது எந்த ஊர்ப் பண்பாடு? இன்று அனுமதி கேட்டு அடிக்கப் பழகினால், நாளை அனுமதி கேட்டு அழவும் பழகுவோம். வேண்டாம். நாம் குனிந்தது பக்கத்து வீட்டுத் தூக்கத்துக்கு. அதற்கு இன்னொரு முறையும் குனிவோம். ஆணவத்துக்குக் குனிய மாட்டோம்.

இன்று விண்ணப்பம் எழுதவில்லை. "மூட்டியது நாங்கள்" என்ற ஒரு வரியின் கீழ் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். நாளைக் காலை அந்தத் தாள் நகராட்சிக்குப் போகும். குற்றம் என்றால் அத்தனை பேரையும் கூப்பிடட்டும். சேர்ந்தே போவோம், அடித்துக்கொண்டே போவோம்.

கூடி நின்றவர்களுக்கும், சன்னலோரம் நின்று கேட்டவர்களுக்கும், கேட்கப் பிடிக்காமலும் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

வால்தெமார், பற்றவை.