ஊரே ஒரு கூட்டம்

பெருந்துறை பேருந்தில் என் முன்னால் இரண்டு அம்மாக்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“கனடாவுல எம் பையன் கட்டறேங்கற புள்ளையோட ஊருல எல்லாரும் ஒரே கூட்டமாமுங்க.”

“ஒரே கூட்டம்னா ஒரே குலம், அண்ணன் தங்கச்சி முறையாச்சுங்களே. யாரைக் கட்டுவாங்க?”

“அடுத்த ஊருலதானாமுங்க. பிரெஞ்சு பேசற குடியானவங்க. அந்தக் காலத்துல இங்கிலீசுக்காரன் வந்து இவங்க ஊட்டுக்குத் தீ வெச்சு, இவங்களைக் கப்பல்ல ஏத்தி முடுக்கியுட்டானாமா. திரும்பி வந்தா அவங்க காட்டுல வேற ஆளு வெள்ளாமை பண்றான். அப்பறம் ஒரே ஒரு குடும்பம் கடலோரமா ஊடு கட்டி, அதே ஊராயிருச்சாமா.”

“உங்கூட்டுக்காரரு என்ன சொல்றாருங்க?”

“குலங்கோத்திரம் தெரியாத புள்ள வேண்டாம்னு ஒரே புடிவாதம். நேத்து பையன் வீடியோ கால்ல அவளைப் பேச வெச்சு, தமிழ்ல மாத்திச் சொன்னான். அங்க எல்லாத்துக்கும் ஒரே குடும்பப் பேருங்கறதால அப்பன், தாத்தன் பேரைச் சேத்தித்தான் ஆளைச் சொல்றதாமா. கப்பல்ல போன பாட்டன் வரைக்கும் மடமடன்னு சொல்லிப்போட்டா. உங்களுது சொல்லுங்கன்னு இவரைக் கேட்டா. இவரு தாத்தன் பேரோட நின்னுட்டாருங்க.”

அவிநாசியில் வண்டி நின்று கிளம்பியது.

“அப்பறம்?”

“காலையில இருந்து பெரியப்பன் ஊட்டுல உக்காந்து பேரெல்லாம் எழுதீட்டு இருக்கறாரு. மருமவகிட்டச் சொல்லோணுமாமா.”